ஒரு கொட்டாய்க்கு இரண்டு பூட்டு

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் ஒத்துப்போகாததால் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் முகம் பார்க்காமல் போனார்கள் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். "எங்க கீது ரஷ்யா, எங்க கீது உத்திரமேரூரு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்போது நானும் அதைத்தான் கேட்டேன். சொன்ன பதில் எதுவும் எனக்கு எட்டவில்லை.

ஏரிக்கரைக்குக் கீழே, மதகிலிருந்து வரும் கால்வாயை ஒட்டி எங்கள் சேரி. ஏரித் தண்ணீர் பாயும் நிலமெல்லாம் ஊர்க்காரர்களுடையது. அதில் நாற்று விடுவது, நடுவது, களை பறிப்பது, அறுப்பது எல்லாம் நாங்கள். என் நைனா ஒரு பண்ணையில் படிநெல்லுக்கு வருஷம் முழுக்கக் கட்டுப்பட்ட படியாளாக இருந்தவர். மாடு முட்டிய புண் ஆறாமல் செத்துப்போனார். அவர் விட்ட இடத்தில் அண்ணனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவனுக்கு அப்போது மீசை கூட முளைக்கவில்லை.

அறுப்புக் கூலியை அந்தக் காலத்தில் களத்திலேயே மரக்காலில் நெல்லாக அளந்து போடுவார்கள். எங்கள் பண்ணையின் மரக்காலுக்கு உள்ளே அடிப்பலகையை உயர்த்தி வைத்திருந்தார்கள். வெளியே பார்த்தால் முழு மரக்கால், உள்ளே கொள்வது குறைவு. இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறந்ததில்லை. காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்துபோன நெசவுக்காரத் தோழர் ஒருவர்தான் முதலில் அதைச் சத்தமாகச் சொன்னவர். அவர் பேச்சைக் கேட்டு என் அண்ணன் செங்கொடிக் கட்சியின் கூலியாட்கள் சங்கத்தில் சேர்ந்தான். அடுத்த அறுப்பில், சர்க்கார் முத்திரை அடித்த மரக்கால் வந்தால்தான் களத்தில் கால் வைப்போம் என்று சேரி முழுக்க உட்கார்ந்துவிட்டோம். கதிர் தலை சாய்ந்து வெயிலில் காய்ந்தது. மழை வேறு கூடிக்கொண்டு வந்தது. பண்ணைக்காரர்கள் பயந்துபோய் முத்திரை மரக்காலைக் கொண்டுவந்து வைத்தார்கள். அன்று என் அம்மா அந்த மரக்காலுக்குள் கையை விட்டு அடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாண்டி, ஆழமாத்தான் கீது" என்றாள்.

அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் எங்கள் ஊருக்கு வந்தார். சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கம். அப்பா அம்மா இல்லை. சங்கத்து வேலைக்காக வந்தவர் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, அண்ணனோடு ஒரே பாயில் படுத்தார். அண்ணன் உயரமானவன், குரல் பெரிசு, கோபம் அதைவிடப் பெரிசு. இவர் அதிர்ந்து பேசமாட்டார். ஒன்றைச் சொல்வதற்கு முன்னால் நெற்றியை விரலால் தேய்த்துக்கொள்வார். அண்ணனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். ஒரு பீடியை இருவரும் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள். எங்கள் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அண்ணன்தான். ஐயர் இல்லை, மேளம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டோம், நெசவுக்காரத் தோழர் பேசினார், வெல்லம் கொடுத்தோம். அண்ணன் தன் ஆட்டை விற்று எனக்கு ஒரு மூக்குத்தி போட்டான். கம்மல்கூட இல்லாதவளுக்குத் தங்க மூக்குத்தி. கடுகளவு இருக்கும். இருந்தாலும் தங்கம்.

சங்கத்துக்கு என்று ஒரு இடம் வேண்டும் என்று ஏரிக்கரைப் புறம்போக்கில் கொட்டாய் போட்டோம். ஆண்கள் பனைமரம் அறுத்து விட்டம் வைத்தார்கள். பெண்கள் மண் மிதித்துச் சுவர் எழுப்பினோம். பனையோலை வேய்ந்தோம். முன்னால் கொடிக்கம்பம். அந்தக் கொட்டாயில்தான் நான் 'அ' எழுதப் பழகினேன். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பெண்கள் போய் உட்காருவோம், என் வீட்டுக்காரர் பலகையில் எழுதிக் காட்டுவார். சுவரில் ரஷ்யாவிலிருந்து வரும் வழவழப்பான புத்தகத்தின் தாள்களை ஒட்டியிருந்தோம். அதில் ஒரு படம் எனக்குப் பிடிக்கும். தலையில் துணி கட்டிய பொம்பளை ஒருத்தி டிராக்டர் ஓட்டுகிறாள், சிரிக்கிறாள். அவள் பின்னால் கண்ணுக்கு எட்டும் மட்டும் கோதுமை. "அந்த நெலமெல்லாம் யாருதுன்னு தெரியுமா? அவுங்களுதுதான், எல்லாருதும்" என்பார் இவர். நான் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது, அவள் சிரிப்பைப் பார்த்தால் பொய் மாதிரித் தெரியவில்லை.

தலைவர்கள் படங்களும் வரிசையாக இருந்தன. பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் தாடிக்காரர், வழுக்கைக்காரர், மீசைக்காரர், சீனாக்காரர் என்போம். கொட்டாய் மூலையில் ஒரு மண்குதிர் வைத்திருந்தோம். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒவ்வொரு வீடும் அதில் கொஞ்சம் நெல் போடும். மறுபடியும் வேலைநிறுத்தம் வந்தால் பிள்ளைகள் பட்டினி கிடக்கக்கூடாது என்று அம்மா சொன்ன யோசனை அது.

ரஷ்யாக்காரன் வானத்துக்கு ஆள் அனுப்பியபோது சேரியில் சர்க்கரை கொடுத்தோம். அண்ணனும் இவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். நாங்களே அனுப்பியது மாதிரி இருந்தது.

முதல் மனக்கசப்பு மீசைக்காரர் படத்தால் வந்தது. ரஷ்யாவிலேயே அவரைக் குறை சொல்லிவிட்டார்கள், அவர் படத்தை இறக்கிவிடலாம் என்று இவர் சொன்னார். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஜெர்மன்காரனை அடிச்சித் தொரத்துனவரு மாப்ள அவரு. அவுங்க எறக்குனா நாமளும் எறக்கணுமா?"

"அவுரு காலத்துல எத்தினியோ பேரு அநியாயமா செத்துட்டாங்களாம் மச்சான். அவுங்களே எழுதிக் கீறாங்க."

"எழுதுனவன் அப்ப இன்னா பண்ணிக்கினு இருந்தான்? அவரு பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தான்?"

இவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் படத்தை இறக்கவும் இல்லை, இருந்த இடத்தில் விடவும் இல்லை. கதவுக்குப் பின்னால் மாட்டினார்கள். கதவைத் திறந்து வைத்தால் தெரியாது, மூடினால் தெரியும். அப்போது நாங்கள் சிரித்தோம்.

பிறகு சீனாவோடு சண்டை வந்தது.

உத்திரமேரூர் பஸ் நிற்கும் இடத்தில் ரேடியோ வைத்த டீக்கடை ஒன்று இருந்தது. அங்கே நின்று செய்தி கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், "ரெண்டு பேரும் ஏழை நாடு. உக்காந்து பேசித் தீத்துக்கணும், இதுல துப்பாக்கி எதுக்கு?" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் சொன்னான். அது போதுமானதாக இருந்தது. சீனாக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் என்று கடையிலிருந்தே தள்ளினார்கள். சில நாளில் போலீஸ் ஜீப் சேரிக்குள் வந்தது. அம்மா கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கையில் துடுப்போடு வெளியே ஓடிவந்து, "டேய் கண்ணு, இன்னாடா பண்ண நீ?" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணலம்மா, பேசுனேன்" என்றான் அண்ணன். சட்டை போட்டுக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்த அண்ணி வயிற்றுப் பிள்ளையோடு வாசற்படியில் நின்றாள், அழவில்லை, ஜீப் போன திசையையே பார்த்தாள். வேலூர் ஜெயில் என்று பிறகு தெரிந்தது.

என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துப் போகவில்லை. கட்சிக்குள்ளேயே அப்போது இரண்டு பேச்சு இருந்ததாம். சண்டையில் சர்க்காரை ஆதரிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், அப்படி வேண்டாம் என்று ஒரு கூட்டம். இவர் முதல் கூட்டத்தில் இருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அண்ணனைக் கொண்டுபோன மறுநாள் ஊர்ப் பக்கமிருந்து கொட்டாய் மேல் கல் வந்து விழுந்ததுதான். பிள்ளைகள் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு நெற்றி கிழிந்தது. "சீனாக்காரச் சேரி" என்று கத்தினார்கள். தண்ணீர் எடுக்கப் போனாலும் அதே பேச்சு.

அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் யுத்த நிதிக்குத் தங்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உத்திரமேரூரில் மேடை போட்டு வாங்கினார்கள். இவர் ஒரு காலையில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நெற்றியை விரலால் தேய்த்தார்.

"நம்ம சேரியிலிருந்து யாராவது ஒருத்தர் மேடையில ஏறிக் குடுத்தா இந்தக் கல்லு நின்னுரும்" என்றார்.

"கொடுக்க நம்மகிட்ட இன்னா கீது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மூக்குத்தி கழற்ற வரவில்லை, திருகு இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டு அம்மாதான் கழற்றினாள். கல் விழுவது நின்றது உண்மை. இவர் அதற்குப் பிறகு வேலூர் போய் அண்ணனைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துக் காத்திருந்தார். அண்ணன் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான். கொண்டுபோன முறுக்கை இவர் திரும்பக் கொண்டுவந்தார்.

அண்ணன் திரும்பி வந்தபோது அவன் மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். தாடி வளர்த்து, ஆள் பாதியாகிப் போயிருந்தான். எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவன் கண் என் முகத்தில் ஒரே இடத்தில் நின்றது.

"மூக்கு இன்னாடி மொட்டையா கீது?"

"யுத்த நிதிக்குக் குடுத்துட்டோம்ண்ணா."

உள்ளேயிருந்து இவர் வந்தார். "மச்சான், உள்ள வா. சேரி மேல கல்லு வுட்டுக்கினு இருந்தானுங்க. கொழந்தைங்களுக்கு அடி பட்டுது. எனக்கு வேற வழி தெரியல."

"என்னை ஜெயில்ல போட்டவனுக்கு நான் போட்ட மூக்குத்தியா மாப்ள?" என்றான் அண்ணன். அவன் குரல் உயரவே இல்லை. அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பயமாக இருந்திருக்காது. வந்த வழியே திரும்பிப் போனான். ஊற்றி வைத்த கூழை அன்று யாரும் குடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கட்சி இரண்டாகப் போனது. முதலில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து பேசினார், ரஷ்யாக்காரர்கள் சொல்வது ஏன் சரி என்று விளக்கினார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார், ரஷ்யாக்காரர்கள் எப்படித் தடம் மாறிவிட்டார்கள் என்று விளக்கினார். இரண்டு பேருமே நல்லவர்கள். இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் களியைச் சாப்பிட்டார்கள், தரையில் படுத்தார்கள், போகும்போது அம்மாவுக்குக் கைகூப்பினார்கள். அவர்கள் பேசியதில் இந்தோனேசியா வந்தது, கியூபா வந்தது, எங்கேயோ ஐரோப்பாவில் மலைநாடு ஒன்று சீனா பக்கம் போனது வந்தது. அந்த ஊர்க் கட்சிகளெல்லாம்கூட இப்படித்தான் பிளந்துகொண்டிருக்கின்றன என்று இவர் சொன்னபோது, அங்கேயும் யாராவது தங்கச்சி இருப்பாளா என்று நினைத்துக்கொண்டேன். கொள்கையைத் திரித்தவன் என்று அண்ணன் பக்கத்தார் திட்டும் 'திரிபுவாதி' என்ற வார்த்தை சேரிக்குள் வந்தது. பிள்ளைகள் கோலி விளையாட்டில் சண்டை போட்டால் "போடா திரிபுவாதி" என்று திட்டிக்கொண்டார்கள். அம்மா அது ஏதோ கெட்ட வியாதி என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கொட்டாயில் எல்லோரையும் கூட்டி, யார் எந்தப் பக்கம் என்று கை தூக்கச் சொன்னார்கள். இவர் ரஷ்யா சொல்வது சரி என்ற பக்கம் நின்றார், அண்ணன் எதிர்ப் பக்கம். இவர் பக்கம் கை தூக்குங்கள் என்றபோது அண்ணன் என்னைப் பார்த்தான். அண்ணன் பக்கம் என்றபோது இவர் பார்த்தார். என் கை மடியிலேயே கிடந்தது. தூக்கலாம் என்று நினைத்தால்கூட அது என் கை மாதிரி இல்லை. அம்மா எழுந்து, "எங்கிட்ட கேக்காம யாரு கட்சியைப் பிரிச்சது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஆனால் அவள் நிஜமாகத்தான் கேட்டாள். முத்திரை மரக்காலுக்காகக் களத்துக்குப் போகாமல் பட்டினி கிடந்தவள் அவள். கூட்டம் சரிபாதியாகப் பிரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கொட்டாய் யாருக்கு என்ற பேச்சு அன்றே வந்தது. இரண்டு பக்கமும் தங்களுடையதுதான் உண்மையான கட்சி என்றார்கள். மறுநாள் காலையில் அண்ணன் ஆட்கள் கதவில் ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். மதியத்துக்குள் இவர் ஆட்கள் அதற்கு மேலே இன்னொரு பூட்டுப் போட்டார்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே பிள்ளைகளின் பலகை இருந்தது, அரிக்கேன் விளக்கு இருந்தது, டிராக்டர்க்காரி இருந்தாள். நெல் குதிரும் உள்ளேதான் இருந்தது.

என் மகனுக்குக் காது குத்த வேண்டிய வயசு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். இவருக்கு அந்தச் சடங்கில் எல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனாலும் தடுக்கவில்லை. நானே போய் அண்ணனைக் கூப்பிட்டேன். "உன் வூட்டுக்கு வரமாட்டேம்மா. புள்ளயை இங்க தூக்கிக்கினு வா, மடியில வச்சிக்கிறேன்" என்றான். இவரிடம் கேட்டேன். "எம்புள்ளைக்கு எவ்வூட்டுல காது குத்தக்கூடாதா?" என்றார். பையன் கடைசியில் என் மடியிலேயே உட்கார்ந்து கத்தினான்.

அடுத்த அறுப்பில் பண்ணைக்காரர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கூலியைக் குறைத்தார்கள். எங்கள் விவகாரம் அவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அண்ணன் சங்கம் உடனே வேலைநிறுத்தம் என்றது. இவர் சங்கம், செங்கல்பட்டில் பெரிய அதிகாரியிடம் பேச்சு நடக்கிறது, முடியட்டும், அதுவரை வேலைக்குப் போகலாம் என்றது. பாதிச் சேரி வேலைக்குப் போனது. பாதிச் சேரி வரப்பில் நின்று அவர்களைத் திட்டியது. ஒரே தெருவில் இருந்தவர்கள், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். நான் வேலைக்குப் போன பக்கம். அண்ணி வரப்பில் நின்ற பக்கம். அவள் என்னைத் திட்டவில்லை, நான் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

சில நாளில் பண்ணைக்காரர்கள் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களும் எங்களைப் போல ஏழைகள்தான், எங்கள் குறைந்த கூலியே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அப்புறம் வேலைக்குப் போன எங்களையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது இரண்டு பக்கத்திலும் அடுப்பு எரியவில்லை.

அம்மாதான் குதிரில் இருந்த நெல்லை ஞாபகப்படுத்தினாள். "அந்த நெல்லு இதுக்குத்தான போட்டோம்? தொறங்கடா" என்று அண்ணனிடம் போனாள்.

"அவுங்க பூட்டை மொதல்ல எடுக்கச் சொல்லும்மா. நான் அடுத்த நிமிஷம் எடுக்கறேன்."

இவரிடம் வந்தாள். "மாப்ள, நீங்களாச்சும் எடுங்க."

"மொதல்ல பூட்டுனது அவுங்க, அத்தை. நாம மொதல்ல எடுத்தா கொட்டாயை வுட்டுக்குடுத்தா மாதிரி ஆயிடும். மேல கேட்டு எழுதிக் கீறேன், பதில் வரட்டும்."

எனக்கு அம்மாவைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. வெயிலில் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்தாள். மூன்றாவது தடவை போனபோது அவள் கால் இழுத்துக்கொண்டது. நான் இவரிடம் கோபமாகக் கேட்டேன், "யோவ், புள்ளைங்க பசிக்கி அழுவுது. நெல்லுக்குக் கூட கட்சி கீதாய்யா?" இவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் இடத்தை விட்டு எழவில்லை. அவர் கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் எனக்கு ஆற்றாமை. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரு நாள் சேரிப் பெண் ஒருத்தி கடப்பாரையோடு கிளம்பிவிட்டாள். பின்னால் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று இல்லாமல் போனோம். அண்ணியும் வந்தாள். கடப்பாரையைப் பூட்டில் கொடுத்து நெம்பும்போது இரண்டு பக்க ஆண்களும் ஓடிவந்தார்கள். அண்ணன் கடப்பாரையைப் பிடித்தான். இவரும் பிடித்தார். "கட்சி சொத்து, ஒடைக்கக்கூடாது" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு கணம் இரண்டு பேரின் கையும் அந்த இரும்பில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. இப்போதாவது ஏதாவது நடக்காதா என்று நான் பார்த்தேன். கடப்பாரையைப் பிடுங்கிக் கால்வாயில் எறிந்துவிட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டார்கள்.

அறுப்பு முடிந்த பிறகு சர்க்கார் ஆட்கள் வந்தார்கள். ஏரிப் புறம்போக்கில் கொட்டாய் போட்டிருக்கிறார்கள் என்று யாரோ மனு கொடுத்திருந்தார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியும், நிரூபிக்க முடியாது. இவ்வளவு வருஷம் யாரும் கேட்கவில்லை. சங்கம் ஒன்றாக இருந்தபோது கேட்க முடிந்திருக்காது. அன்று அவர்கள் பூட்டைத் தொடக்கூட இல்லை. பின்பக்க மண்சுவரைத் தள்ளினார்கள், விட்டம் சரிந்தது, ஓலை எல்லாம் பொத்தென்று உட்கார்ந்தது. கதவு மட்டும் இரண்டு பூட்டோடு நின்றது, அப்புறம் அதுவும் சாய்ந்தது.

நாங்கள் நின்று பார்த்தோம். நூறு பேருக்கு மேல் இருந்தோம், வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். "நீங்க மொதல்லயே ஒழுங்கா இருந்திருந்தா" என்று அண்ணன் ஆரம்பித்தான். "நீங்க பூட்டுனதாலதான்" என்று இவர் ஆரம்பித்தார். போலீஸ்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே இரண்டு பேரையும் தள்ளி நிற்கச் சொன்னார். குதிர் உடைந்து நெல் மண்ணோடு கலந்து கிடந்தது. எலி தின்றது போக மிச்சம் மக்கிப் போயிருந்தது. பெண்கள் உட்கார்ந்து பொறுக்கிப் பார்த்தோம், குத்தினால் தவிடாகப் போனது. சுவரில் ஒட்டிய தாள்கள் மண்கட்டியோடு மண்கட்டியாகக் கிடந்தன. விட்டக் கட்டைகளை அவரவர் விறகுக்கு இழுத்துக்கொண்டு போனோம். நானும் ஒன்று இழுத்து வந்தேன்.

அண்ணனுக்கு அதற்குப் பிறகு எந்தப் பண்ணையிலும் வேலை இல்லை. மலைப் பக்கம் கல் உடைக்கப் போனான், அண்ணியையும் பையனையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போனான். அம்மா என்னோடு வந்து இருந்தாள். மகனைப் பற்றிப் பேச ஆளில்லாமல் அடுப்பைப் பார்த்துப் பேசுவாள்.

ஒருநாள் கல் சரிந்து அண்ணன் காலில் விழுந்துவிட்டது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பஸ் கண்டக்டர் ஒருவர் மூலம் சேதி வந்தது. இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு எழுந்து சட்டையைப் போட்டார், மறுபடியும் உட்கார்ந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் போகாமல் நின்றுவிடுவாரோ என்று பயம். "கெளம்பு" என்றார் கடைசியில்.

அண்ணன் கட்டிலில் கிடந்தான். முட்டிக்குக் கீழே கட்டு. இவரைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தான். "வலிக்கிதா மச்சான்?" என்றார் இவர். "கொஞ்சந்தான். நீ சாப்டியா மாப்ள?" என்றான் அவன். இவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையைக் கையில் கொடுத்தார். அண்ணன் வாங்கித் தின்றான். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள். "பேசிக்கினு இருக்கட்டும், வுடு" என்றாள். அவளுக்கும் எனக்கும் ஒரே ஆசை. பையன் படிக்கிறானா, அம்மாவுக்குக் கால் எப்படி கீது என்று நாங்கள் எங்கள் பேச்சைப் பேசினோம்.

உள்ளேயிருந்து குரல் உயர்ந்தது. ஓடினோம். வியட்நாமுக்கு ரஷ்யா போதுமான அளவு உதவுகிறதா இல்லையா என்பதில் தொடங்கியிருக்கிறது. "ஆயுதம் குடுக்கறது யாரு, உன் சீனாவா?" என்கிறார் இவர். "சமாதானம் சமாதானம்னு காட்டிக் குடுத்துக்கினு கீறாங்க உன் ஆளுங்க" என்கிறான் அவன். கால் முறிந்தவன் கட்டிலில் முட்டுக்கொடுத்து எழுந்திருக்கிறான். பக்கத்துக் கட்டில் கிழவர் பயந்துபோய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நர்ஸம்மா வந்து இவரை வெளியே போகச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது இவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நெல்வாய் தாண்டி, ஊர் வரப் போகிற நேரத்தில், "எப்பிடி எளச்சிப் போய்ட்டான் பாத்தியா" என்றார். பிறகு, "நான் வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம்" என்றார். ஆனால் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அண்ணன் கால் கோணலாகக் கூடியது. கல் உடைக்க முடியாமல் சேரிக்கே திரும்பி வந்தான். அண்ணி மட்டும் கூலிக்குப் போனாள். மே தினத்துக்கு எங்கள் தெருவில் இரண்டு கம்பம் நட்டார்கள், இரண்டிலும் சிவப்புக் கொடி. எனக்கு எழுத்துத் தெரியும் என்பதால் எது யாருடையது என்று சொல்ல முடிந்தது. அம்மா இரண்டையும் பார்த்துக் கும்பிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். பாடையை இரண்டு பேரும் தூக்கினார்கள், முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

அந்த வருஷம் அறுப்புக் கூலி முத்திரை மரக்காலுக்கு முன்னால் இருந்த நிலைக்கு வந்துவிட்டது. மரக்கால் சரியாகத்தான் இருந்தது, எத்தனை மரக்கால் என்பதுதான் குறைந்துவிட்டது. ஆண்களால் இனி ஒன்றும் ஆகாது என்று பெண்களே கால்வாய் ஓரத்தில் கூடிப் பேசினோம். அண்ணியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எல்லோரும் சேர்ந்து களத்துக்குப் போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். போனோம். பண்ணையின் காரியக்காரர் குடையை மடக்கிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கூலி விஷயமா? பேசலாமே" என்றார், சிரித்த முகமாக. "நீங்க எந்தச் சங்கம்? அதைச் சொல்லுங்க. அவங்க ஆளைக் கூப்பிட்டுப் பேசிடறேன்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்த்தாள். ஒருத்தி என் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள். அண்ணன் பெயரைச் சொன்னால் மீதிப் பேர் போய்விடுவார்கள். ஒரு சங்கமும் இல்லை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. அவ்வளவு வருஷம் அதில் இருந்தவர்கள் நாங்கள். காரியக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குடையை விரித்துக்கொண்டு, "முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுங்க, வெயில் ஏறுது" என்றார்.

நாங்கள் அரிவாளை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கினோம். அண்ணி எனக்குப் பக்கத்து வரிசையில் அறுத்தாள்.